குற்றவாளியா, சுற்றவாளியா, பிழை விட்டவரா?

உப்புக் காற்று உதட்டில் படியும் இந்தப் பிற்பகலில், மின்விசிறி சுழன்றும் வியர்வை அடங்காத இந்தக் கரைத்தீவு மண்டபத்தில், விழாவுக்குத் தலைமை தாங்கி வீற்றிருக்கும் மதிப்புக்குரிய மஸாஹிர் ஹாஜியார் அவர்களே! மத்தியஸ்த சபையில் பல்லாண்டு பணியாற்றிப் பக்குவப்பட்ட பெரியோர்களே! பகல் சமையலை முடித்த கையோடு மண்டபத்துக்கு வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட என் தாய்மார்களே! உப்பளத்திலிருந்து நேரே வந்து, கால் கழுவ நேரமின்றிக் கடைசி வரிசையில் கூச்சத்தோடு நிற்கும் உழைப்பாளிச் சகோதரர்களே! பள்ளிவாசல்துறையிலிருந்து வலையைக் கரையில் விட்டுவிட்டு வந்த கடலோடிகளே! மதுரங்குளியிலிருந்து கடையைப் பூட்டிவிட்டு வந்த வணிகர்களே! இன்று நியமனக் கடிதம் பெற்றுப் புதிய மத்தியஸ்தர்களாகப் பொறுப்பேற்கும் பத்துப் பேரே! உங்கள் அனைவர் மீதும் சாந்தியும் சமாதானமும் உண்டாகட்டும். அஸ்ஸலாமு அலைக்கும்!

கை தட்டாதீர்கள். தயவுசெய்து தட்டாதீர்கள். கைதட்டலை எல்லாம் மடியில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கைதட்டலைப் பற்றிச் சொல்லத்தான் இந்த மேடைக்கு ஏறியிருக்கிறேன். அதைச் சொல்லி முடித்ததும் நானே உங்களிடம் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

என் பெயர் சித்தி ஸுலைஹா. முப்பத்தொரு வருடம் நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக நின்றவள். ஆம், நின்றவள் என்றுதான் சொல்ல வேண்டும். நீதவானுக்குக் கதிரை உண்டு, வழக்கறிஞருக்குக் கதிரை உண்டு, குற்றம் சாட்டப்பட்ட எதிரிக்குக்கூடச் சாய்ந்துகொள்ளக் கூண்டின் கம்பி உண்டு. மொழிபெயர்ப்பாளருக்கு அவருடைய இரண்டு கால்கள்தான் உண்டு. அதனால்தான் ஓய்வுபெற்ற பிறகும் மேடை கிடைத்தால் உட்காரத் தெரியாமல் நின்று பேசிக்கொண்டே இருக்கிறேன். செயலாளர் ஹில்மி எனக்கு இருபது நிமிடம் தந்திருக்கிறார். மணிக்கூட்டைப் பார்க்காதீர் ஹில்மி. நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்று எனக்குத் தந்த தலைப்பு, குற்றம் குறித்த நம் பழைய சட்டச் சொற்கள். தலைப்பைக் கேட்டதும் சில தாய்மார் எழும்பப் பார்த்ததை நான் கண்டேன். இருங்கள், இருங்கள். உங்கள் வீட்டில் தினமும் தீர்ப்புச் சொல்லும் சொற்கள்தாம் இவை.

நீதிமன்றத்தில் குற்றப் பத்திரிகையை வாசித்து முடித்ததும் ஒரு கேள்வி கேட்கப்படும். "நீர் குற்றவாளியா, சுற்றவாளியா?" குற்றவாளி என்றால் செய்தவன். சுற்றவாளி என்றால் செய்யாதவன், குற்றமற்றவன். நம் நாட்டு நீதிமன்றத் தமிழின் பழைய சொல் அது. முப்பத்தொரு வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பேன்! காலையில் கேட்டேன், மாலையில் கேட்டேன். கோழி திருடியவரிடம் கேட்டேன், கோடு தாண்டியவரிடம் கேட்டேன். தூக்கத்தில்கூடக் கேட்டிருக்கிறேன் என்று என் கணவர் முறைப்பாடு செய்திருக்கிறார்.

சிலாபம் பக்கத்து மீனவர் ஒருவர், அல்பேட் என்று பெயர். மீன் லொறியை அளவு மீறிய வேகத்தில் ஓட்டியதற்காக வழக்கு. கேட்டேன்: "நீர் குற்றவாளியா, சுற்றவாளியா?" அவர் என்னைப் பார்த்தார். நீதவானைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ரெண்டும் இல்ல மிஸ். ஐஸ் உருகிட்டு." நீதவான் என்னிடம் சிங்களத்தில், "என்ன சொல்கிறார்?" என்றார். நான் என்ன சொல்வேன்? ஐஸ் உருகியதை மொழிபெயர்த்துவிடலாம். அந்த "ரெண்டும் இல்ல" என்பதை எந்தக் கூண்டில் கொண்டுபோய் நிறுத்துவது? நீதவான் நல்ல மனிதர், சிரித்துவிட்டார். அல்பேட்டும் அபராதத்தைக் கட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். நான் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு கதவுகள் மட்டுமே உள்ள வீட்டில் மூன்றாவது ஆள் எந்த வழியாக வெளியே போவார் என்று அன்றைக்கு யோசிக்கத் தொடங்கினேன்.

அந்த மூன்றாவது கதவு நம் மொழியில் இருக்கிறதா? இருக்கிறது! ஒன்றல்ல, பல இருக்கின்றன. குற்றம் என்கிறோம்: தெரிந்து, துணிந்து, மனம் ஒப்பிச் செய்தது. தவறு என்கிறோம்: கை தவறியது, கால் தவறியது, கணக்கிட்டது தவறியது. பிழை என்கிறோம். அந்தச் சொல் இல்லாமல் நமக்கு ஒரு நாள் போகுமா? கறியில் உப்புக் கூடினால் பிழை. கடிதத்தில் எழுத்து விட்டுப்போனால் பிழை. மாப்பிள்ளையை விசாரிக்காமல் பிள்ளையைக் கொடுத்தால் பெரிய பிழை! (சிரிக்கிறீர்கள். யாரையோ நினைத்துத்தான் சிரிக்கிறீர்கள். பெயர் சொல்ல மாட்டேன்.)

மார்க்கச் சட்டம் படித்த ஆலிம்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்களும் அளந்துதான் சொல்வார்கள். அம்து என்பது வேண்டுமென்றே செய்தது. கதஉ என்பது குறி தப்பி நிகழ்ந்தது. ஸஹ்வு என்பது கவனம் சிதறி, மறந்து விட்டது. நெஞ்சில் என்ன இருந்தது என்று கேட்காமல், கையில் என்ன இருந்தது என்று மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல அந்தச் சட்டம் விடுவதில்லை. எவ்வளவு நுட்பம்! எவ்வளவு நிதானம்! இத்தனை சொற்களையும் நம் முன்னோர் நமக்கு வைத்துவிட்டுப் போயிருக்க, நாம் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி, "அவன் செஞ்சிட்டான்" என்று முச்சந்தியில் நின்று கூவுகிறோமே, அது நியாயமா?

இனிக் கதைக்கு வருகிறேன். மூன்று வருடத்துக்கு முன் நடந்தது. அதில் வருகிற எல்லோரும் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். ஆகவே கூட்டியும் சொல்ல முடியாது, குறைத்தும் சொல்ல முடியாது. உப்பளத்துக்குச் சொந்தக்காரர் நம் தலைவர் மஸாஹிர் ஹாஜியார்தான். இதை மேடையில் சொல்லலாமா என்று நேற்றே தொலைபேசியில் அனுமதி கேட்டேன். "சொல்லுங்க மிஸ். என்ட பிழையையும் சேத்துத்தான் சொல்லணும்" என்றார். தலைவரே, சொல்லப்போகிறேன். தண்ணீர் வேண்டுமானால் பக்கத்தில் இருக்கிறது.

அந்த உப்பளத்தில் ஆறு பாத்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஹயாத்து முகம்மது. தொண்ணூறாம் ஆண்டு, பத்தொன்பது வயதில், மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த சாரத்தோடு இந்தக் கரைக்கு வந்தவர். இங்கேதான் உழைத்தார், இங்கேதான் மணம் முடித்தார், இங்கேதான் பிள்ளை வளர்த்தார். ஒரு நாள் பாத்தி வரம்பு உடைந்ததைப் பற்றி ஹாஜியாருக்கும் அவருக்கும் வாக்குவாதம். கோபத்தில் ஹாஜியார், எல்லோருக்கும் முன்னால், "வந்த ஆக்களுக்கு உப்புட அருமை எங்க விளங்கும்?" என்று சொல்லிவிட்டார். வந்த ஆக்கள்! வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. இன்னும் வந்த ஆக்கள்! ஹயாத்து முகம்மதுவும் சும்மா இருக்கவில்லை. "உங்கட உப்பு கரைஞ்சு போகட்டும்" என்று கத்திவிட்டுப் போனார்.

எட்டாம் நாள் அந்த உப்புக் கரைந்தது.

எப்படி? உப்பளம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். களப்பின் உப்புத் தண்ணீரை முதல் பாத்தியில் விடுவார்கள். வெயிலில் காய்ந்து காய்ந்து, பாத்தி விட்டுப் பாத்தி மாறி, கடைசிப் பாத்தியில் உப்பாக விளையும். அந்தப் பாத்தியில் உப்பு வெள்ளையாய் விளைந்து, இரண்டு நாளில் வாரி எடுக்க இருந்தது. ஹயாத்து முகம்மது பக்கத்துப் பாத்தியின் மதகைச் சற்றுத் திறந்தார். கொஞ்சம் தண்ணீர் விட்டு உடனே அடைக்க வேண்டும். அவர் அடைக்கவில்லை. பகல் முழுவதும் மதகு திறந்தே கிடந்தது. புதுத் தண்ணீர் புகுந்து, மூன்று வாரத்து விளைச்சல் முழுவதும் கரைந்து சேறாய்ப் போனது.

ஊர் சும்மா இருக்குமா? சாபம் போட்ட வாய், மதகைத் திறந்த கை. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட எவ்வளவு நேரம்? வேண்டுமென்றே நாசம் செய்தார் என்று முறைப்பாடு போனது. பொலிசார் அதை எங்கள் சபைக்கு அனுப்பினார்கள். நாங்கள் இணக்கம் காணாவிட்டால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும். ஹயாத்து முகம்மது கூண்டில் ஏறி எதிரி என்று அழைக்கப்படுவார். அந்தப் பெயர் விழுந்தபின் இந்தக் கரையில் எந்த உப்பளத்தில் அவரை வேலைக்கு எடுப்பார்கள்? ஒரு தடவை எல்லாவற்றையும் இழந்து வந்த மனிதர், இரண்டாம் தடவையும் இழந்து நிற்பார். அதுதான் அன்று எங்கள் மேசையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. பள்ளிவாசலுக்குப் பக்கத்துப் பாடசாலையில் விசாரணை. மத்தியஸ்தர் மூவரில் நானும் ஒருத்தி. கேட்டோம், கெஞ்சினோம், மாறி மாறிக் கேட்டோம். அவர் சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: "தொறந்தது நான்தான். பூட்டாமப் போனதும் நான்தான். அதுக்கு மேல ஒண்டும் கேக்காதீங்க மிஸ்."

"வேணுமெண்டா செஞ்சீங்க?" என்றேன்.

"இல்ல."

"அப்ப ஏன் பூட்டாமப் போனீங்க?"

தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி பளீலா வாயைத் திறந்தார். "நீங்க சும்மா இரிங்க" என்று ஒரே பார்வையில் கணவர் அடக்கிவிட்டார். பளீலா முந்தானையைக் கடித்துக்கொண்டு அடங்கினார். மூன்று தடவை இப்படி. மூன்று தடவையும் நான் பார்த்தேன். பார்த்தும், "நீங்கள் சொல்லுங்கள் ராத்தா" என்று அந்தப் பெண்ணிடம் கேட்கவில்லை. முப்பத்தொரு வருட அனுபவம்! சாட்சிக் கூண்டில் ஏறியவரிடம் மட்டும் கேட்டுப் பழகிய அனுபவம்!

பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொன்னது. விசாரணையை நிறுத்திவிட்டுத் தொழப் போனோம். அன்று இமாம் மதுரங்குளியில் ஒரு ஜனாஸா அடக்கத்துக்குப் போயிருந்தார். எல்லோரும் ஹாஜியாரைத் தொழுவிக்கச் சொன்னார்கள். அவர் முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால் வரிசையில் மற்ற ஆண்களோடு ஹயாத்து முகம்மது. திரைக்குப் பின்னால் பெண்கள் நாங்கள் ஏழு பேர். என் இடது பக்கம் பளீலா.

இரண்டாம் ரக்அத் முடிந்தது. நடு அத்தஹிய்யாத் ஓத உட்கார்ந்து இருக்க வேண்டும். ஹாஜியார் இருக்கவில்லை. எழுந்துவிட்டார்! எழுந்து கையும் கட்டிவிட்டார்!

இமாம் மறந்தால் ஆண்கள் "ஸுப்ஹானல்லாஹ்" என்று சொல்லி நினைவூட்ட வேண்டும். பெண்கள் கை தட்ட வேண்டும். அதுதானே முறை? யாராவது ஒருவர் சொன்னாரா? ஹாஜியார் என்ற மரியாதையோ, பகல் சோற்றின் மயக்கமோ, ஒருவர் வாயும் திறக்கவில்லை. எனக்கும் தெரிந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் கை எழவில்லை. பெரிய மனிதர் தொழுவிக்கிறார், நான் ஏன் என்று நினைத்துவிட்டேன்.

அப்போது என் இடது பக்கத்திலிருந்து ஒரு சத்தம். ஒரு கை மற்றக் கையின் புறங்கையில் விழுந்த சத்தம். ஒரே ஒரு தட்டு!

காலையிலிருந்து வாய் திறக்க விடாமல் அடக்கப்பட்ட அந்தப் பெண். யாருடைய முறைப்பாட்டால் தன் வீடு நடுங்கிக்கொண்டிருந்ததோ, அந்த மனிதருக்கு, உங்கள் தொழுகையில் ஒன்று விடுபட்டது என்று கை தட்டி நினைவூட்டினார். பழி வாங்கவா தட்டினார்? பகை தீர்க்கவா தட்டினார்? தொழுகை கெடக் கூடாது என்று தட்டினார்!

எழுந்து நிலைகொண்டுவிட்ட இமாம் திரும்பி உட்காருவதில்லை. தொழுகையைத் தொடர்வார். முடிவில், ஸலாம் கொடுக்குமுன், மறதிக்காக இரண்டு ஸஜ்தா செய்வார். ஹாஜியார் செய்தார். அவர் மட்டுமா? அவருக்குப் பின்னால் நின்ற வரிசை முழுவதும் செய்தது. மறக்காதவர்களும் செய்தார்கள். ஹயாத்து முகம்மதுவின் நெற்றியும் ஹாஜியாரின் மறதிக்காக இரண்டு தடவை தரையைத் தொட்டது. ஒருவர் விட்ட பிழையை ஊரே சேர்ந்து சுமந்தது. இமாமே, நீ குற்றவாளியா, சுற்றவாளியா என்று அங்கே யாரும் கேட்கவில்லை!

ஸலாம் கொடுத்ததும் ஹாஜியார் திரும்பி இருந்தார். பிறகு திரையைப் பார்த்துக் கேட்டார்: "கை தட்டினது ஆரு?"

பளீலா சொன்னார்: "நான்தான் ஹாஜியார். ஹயாத்து முகம்மதுட வீட்டுக்காரி."

"நல்ல வேல செஞ்சீங்க மகள். என்ட மனசு தொழுகையில இல்ல. அந்தப் பாத்தியிலதான் இரிந்திச்சு."

அந்த "மகள்" என்ற சொல்தான் அணையை உடைத்தது. பளீலா அழுதுகொண்டே சொன்னார்: "அவர்ட மனசும் அண்டைக்குப் பாத்தியில இல்ல ஹாஜியார். ஆஸ்பத்திரியில இரிந்திச்சு. மகள் றிஷ்னாக்குப் பேறு வருத்தம். ஒப்பரேஷன் செய்யணும், ரத்தம் வேணும் எண்டாங்க. மருமகன் கடல்ல. நான்தான் இவருக்குப் போன்ல கோல் எடுத்தன். மதகைத் தொறந்த கையோட ஓடி வந்திட்டார்."

ஹாஜியார் ஹயாத்து முகம்மதுவின் பக்கம் திரும்பினார். "இத ஏன் இவ்வளவு நாளும் சொல்லல்ல?"

இப்போது அந்த மனிதர் தலையை நிமிர்த்தினார். "சொன்னா ஊர் என்ன சொல்லும் ஹாஜியார்? பேத்தி பொறந்த அண்டைக்குத்தான் உப்பளம் கரைஞ்ச எண்டு சொல்லும். முசீபத்துப் புடிச்ச புள்ள எண்டு சொல்லும். பச்சப் புள்ளட தலையில அந்தப் பழியப் போட ஏலா. என்ட தலையிலயே இரிக்கட்டும் எண்டு விட்டுட்டன்."

கேட்டீர்களா? குற்றவாளி என்ற பெயரைச் சுமந்து கூண்டில் ஏறக்கூடத் தயாராக இருந்தார் இந்த மனிதர். எதற்காக? பிறந்து இருபது நாளான ஒரு குழந்தைக்கு ஊர் ஒரு கெட்ட பெயர் வைத்துவிடக் கூடாது என்பதற்காக! சொல்லின் பாரம் என்னவென்று நீதிமன்றத்தில் நின்ற எனக்கா தெரிந்திருந்தது? சேற்றில் நின்ற அவருக்கல்லவா தெரிந்திருந்தது!

கதை இதோடு முடிந்திருந்தால் ஹாஜியார் மன்னித்தார் என்று சொல்லிவிட்டு நான் இறங்கியிருப்பேன். ஆனால் நம் தலைவர் அங்கே இன்னொன்று செய்தார். மேடையில் வைத்து முகத்துக்கு நேரே புகழ்வது எனக்குப் பழக்கமில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

"மிஸ், எழுதுறதெண்டா சரியா எழுதுங்க" என்றார். "இவர் செஞ்சது மறதி. நானும் இப்ப மறந்தன், எல்லாரும் கண்டீங்க. ஆனா 'வந்த ஆக்கள்' எண்டு நான் சொன்னது மறதி இல்ல. நோகும் எண்டு தெரிஞ்சுதான் சொன்னன். இந்த விசாரணையில வேணுமெண்டு செஞ்ச ஆள் ஒருத்தர் இரிக்கார் எண்டா, அது நான்தான்."

ஹயாத்து முகம்மது பதறிப்போய், "நானும் தெரிஞ்சுதானே சபிச்சன் ஹாஜியார்" என்றார்.

"அப்ப ரெண்டு பேரும் எழுதிக் கையெழுத்து வைப்பம்" என்றார் ஹாஜியார். நான் வாழ்நாளில் எத்தனையோ ஒப்புதல் வாக்குமூலங்களை மொழிபெயர்த்திருக்கிறேன். யாரும் பிடித்துத் தள்ளாமல் தானாக நடந்து வந்த ஒப்புதல் அது ஒன்றுதான்.

பாடசாலைக்குத் திரும்பி வந்து எழுதினேன். "மதகு திறந்து கிடந்தது: பிழை. பொறுக்கப்பட்டது. ஒருவரையொருவர் நோகச் சொன்ன சொற்கள்: குற்றம். இருவரும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டனர்." அவ்வளவுதான். நீதிமன்றத்தில் முப்பத்தொரு வருடம் தேடிய மூன்றாவது கதவை, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ஒரு பாடசாலை மேசையில் என் கையாலேயே எழுதித் திறந்தேன். மறுநாள் காலையில் ஹயாத்து முகம்மது அதே பாத்தியில் இறங்கினார். அடுத்த மாதம் அந்தப் பாத்தியில் உப்பு விளைந்தது. முதல் வாரியதில் ஒரு சிறு மூட்டையைப் பள்ளிவாசல்துறைக்கு, அந்தக் குழந்தையின் வீட்டுக்கு, ஹாஜியாரே மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தார். "புள்ள பொறந்த அண்டைக்குக் கரைஞ்ச உப்பு, திரும்ப வந்திட்டு எண்டு ஊருக்குச் சொல்லுங்க" என்றாராம். ஊர் இப்போது அதைத்தான் சொல்கிறது. அந்தக் குழந்தை ஷிம்லாவுக்கு வயது மூன்று. வந்ததிலிருந்து ஒலிவாங்கியின் வயரை இழுத்து ஹில்மியின் உயிரை வாங்கிக்கொண்டிருப்பது அவள்தான். ஹில்மி, அது குற்றமும் இல்லை, பிழையும் இல்லை. விட்டுவிடும்.

புதிய மத்தியஸ்தர்களே! நாளை உங்கள் முன்னால் ஆட்கள் வந்து நிற்பார்கள். சத்தமாகப் பேசுகிறவர் வருவார், சத்தமே போடாதவரும் வருவார். ஓம், செய்தார் என்பது முதல் கேள்விக்குத்தான் விடை. தெரிந்து செய்தாரா? தவறிச் செய்தாரா? மறந்து விட்டாரா? மறந்தபோது அவர் மனம் எங்கே இருந்தது? இவற்றைக் கேட்காமல் பேனாவைத் தொடாதீர்கள். வாய் திறக்கப்போய் மூடிக்கொள்கிறவர் பக்கத்தில் இருந்தால், அவரிடம் முதலில் கேளுங்கள். நான் கேட்கவில்லை. அது என் பிழை. மூன்று வருடமாக மனதில் வைத்திருந்தேன், இன்று உங்கள் முன்னால் சொல்லிவிட்டேன், மனம் இலேசாக இருக்கிறது.

ஹில்மி எழும்பி நிற்கிறார். முடித்துவிட்டேன் தம்பி, முடித்துவிட்டேன்.

இன்று நியமனக் கடிதம் பெறும் பத்துப் பேரின் பட்டியலில் ஏழாவது பெயரைத் தலைவர் இனிமேல்தான் வாசிப்பார். அந்தப் பெயரைச் சபைக்குப் பரிந்துரைத்துக் கையெழுத்திட்டவரும் அவர்தான். நான் முந்திக்கொள்வதற்குத் தலைவர் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பள்ளிவாசலே வாய்மூடி நின்றபோது, பிழையைப் பிழை என்று சொல்ல ஒரு கை எழுந்ததே, அந்தக் கைக்கு இன்று கடிதம் கொடுக்கிறோம். மத்தியஸ்தர் பளீலா ராத்தா அவர்களே, கூச்சப்படாமல் மேடைக்கு வாருங்கள். ஹயாத்து நாநா, இந்தத் தடவை அவரை அடக்கப் பார்க்காதீர்கள்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. பிழையைச் சொல்ல அனுமதித்த தலைவருக்கு நன்றி. நான் விட்ட பிழைகளைப் பொறுங்கள், வேண்டுமென்று எதுவும் சொல்லவில்லை. உங்கள் வீடுகளில் சுகமும் உங்கள் பாத்திகளில் உப்பும் விளையட்டும். வஸ்ஸலாம்.

மடியில் முடிந்து வைத்தீர்களே, அந்தக் கைதட்டல், இனி அவிழ்த்து எடுங்கள். ராத்தா படியேறுகிறார். தட்டுங்கள்!